நார்மன் வீட்டம்மா

விண்ட்வர்ட்,
கரியாக்கூ தீவு,
மே 19, 1994.

அன்புள்ள டோரீன் அக்காவுக்கு,

ஹில்டா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அதிலும் நார்மன் ரொம்பவே நலம்.

உன் கடிதம் ஹில்ஸ்பரோ தபால் நிலையத்தில் பதினோரு நாள் கிடந்துவிட்டு நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். இங்கே ஜனவரிக்குப் பிறகு மழையே இல்லை. மழைநீர்த் தொட்டியின் அடி தெரிகிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறேன். அறுவடை முடிந்ததும் ஆடுகளை அவிழ்த்துவிடுவது இந்த ஊர் வழக்கம். அவை உள்ளே புகுந்து செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டன. நார்மனிடம் சொன்னால், "அதுங்களுக்கும் பசிக்குமில்ல" என்கிறார். அங்கே நம் ஊர் தண்டர் பேயில் பக்கத்து வீட்டு நாய் நம் புல்லில் கால் வைத்ததற்கு நகரசபைக்குப் புகார் எழுதிய மனிதர் இவர்தான்.

நார்மன் சமாளிக்கிறாரா, எப்போது மூட்டை கட்டப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். கிளம்பும்போது கொடுத்த விருந்தில் நீயும் அத்தானும் பந்தயம் கட்டினீர்களே, முதல் கிறிஸ்துமஸுக்குள் நார்மன் திரும்பி ஓடி வந்துவிடுவார் என்று. நானும் உள்ளுக்குள் அப்படித்தான் பயந்தேன். இந்தத் தீவு என் ஆசை. பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி வளர்த்த ஆசை. அவர் ரயில் பெட்டிப் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அதைச் சொன்னபோது, "அங்க போய் நான் என்ன பண்றது? தேங்காய எண்றதா?" என்றார். ஒன்பது மாதம் கெஞ்சித்தான் கூட்டி வந்தேன்.

வந்த மூன்றாவது வாரம், கடற்கரையில் படகு கட்டுகிற இடத்தில் வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார். ஸெபரின் மெக்லாரன் என்பவரின் படகு. அவர் தாத்தா காலத்திலிருந்து படகு கட்டுகிற குடும்பம். பலகை ஒன்று வளையாமல் முரண்டு பிடித்ததாம். இவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிட்டார். அன்றைக்கு இறங்கியவர்தான், இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்.

அக்கா, முப்பத்தொரு வருடம் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் வாழ்ந்த மனிதர், இங்கே கடைத்தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். "மாஸ்டர் நார்மன், உக்காருங்க", "மாஸ்டர் நார்மன், ஒரு வாய் குடிங்க". அவர்கள் பேசுகிற வேகத்தில் எனக்குப் பாதி புரிவதில்லை. எனக்குப் புரிவதற்குள் இவர் சிரித்து முடித்துவிடுகிறார். யாரோ சுடச்சுட ரொட்டி கொடுத்தனுப்புகிறார்கள், 'நார்மனுக்கு' என்று சொல்லி. என்னை வழியில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் "நார்மன் எங்க?" என்கிறார்கள். எனக்கு இந்த ஊரில் பெயர் கிடையாது. நான் நார்மன் வீட்டம்மா. வெயிலும் ஆள் பார்த்துத்தான் அடிக்கிறது போலிருக்கிறது. எனக்குத் தோல் தடித்து அரிக்கிறது. அவர் புதுப் பாத்திரம் மாதிரி பளபளக்கிறார்.

இதற்கு நடுவில் ஐவரீன் என்று ஒருத்தி. கரையோரத்தில் கடை வைத்திருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள், ஒரு தங்கப் பல், தெருக்கோடிக்குக் கேட்கிற சிரிப்பு. மத்தியானச் சாப்பாடு தினமும் அவள் கடையில்தான். நான் செய்து மூடி வைத்த மக்ரோனி மாலை வரைக்கும் மூடியே கிடக்கும். ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று ஜாதிக்காய் எண்ணெய் மணக்க வந்தார். யார் தேய்த்துவிட்டது என்று கேட்டேன். "ஐவரீன்தான். நல்ல கை" என்றார், ஒன்றுமே இல்லாததுபோல. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று நீ சிரிப்பாய். சிரி.

போன சனிக்கிழமை அந்தப் படகைக் கடலில் இறக்கினார்கள். இங்கே அது கல்யாணத்துக்கு மேல். முதல் நாளே பெரிய பெரிய பானைகளில் சமையல் தொடங்கிவிடும். ஆடு வெட்டுவார்கள், பாதிரியார் வந்து மந்திரிப்பார், படகுக்கு ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் உண்டு. பெயரைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். அவர்கள்தான் விலக்க வேண்டும். ஞானத்தகப்பன் நார்மன். ஞானத்தாய் ஐவரீன். இதை நான் ரொட்டிக் கடையில் யாரோ பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நான் போகவில்லை. தலைவலி என்றேன். மாடியில் நின்று, பறவை பார்ப்பதற்காக நீ வாங்கித் தந்த பைனாகுலரில் பார்த்தேன். படகைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். படகு மெல்லச் சாய்ந்து உருளைகளின் மேல் படுத்தது. ஊரே கயிற்றைப் பிடித்துப் பாட்டுப் பாடி இழுத்தது. நார்மன் முன் வரிசையில் இடுப்பளவு தண்ணீரில். வாயைத் திறந்து பாடுகிறார், அக்கா. தேவாலயத்தில்கூட உதடு அசைக்காத மனிதர். துணியை விலக்கினபோது எல்லோரும் கைதட்டினார்கள். என்ன பெயர் என்று என்னால் படிக்க முடியவில்லை.

மத்தியானம் கதவைத் தட்டினாள் ஐவரீன். கையில் பெரிய தட்டு. ஆட்டுக்கறியும், உருட்டிய சோளமாவுக் களியும். கேட்காமலே உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தலைவலி எப்படி இருக்கு, மிஸ் ஹில்டா? பைனாகுலர் புடிச்சா கொறையுதா? கண்ணாடி மின்னுறது கரை வரைக்கும் தெரிஞ்சுது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில், என் புருஷனுக்குச் சாப்பாடு போட்டு, முதுகு தேய்த்து, இன்றைக்கு ஜோடியாகவும் நின்றாயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டேவிட்டேன்.

அவள் தங்கப் பல் தெரியச் சிரித்தாள். "உன் கெழவன் எனக்கு எதுக்கு? எனக்குன்னு ஒருத்தன் இருக்கான், இங்கிலாந்துல. அறுபத்தொண்ணுல கப்பலேறினான். முப்பத்திமூணு வருஷமா குளிர் ஒத்துக்கலன்னு எழுதறான், திரும்பி மட்டும் வரமாட்டேங்கறான். நீ என்னடான்னா ஒருத்தன குளிர்லேருந்து இழுத்துக்கிட்டு வந்துட்டு, மாடியில நின்னு வேடிக்கை பாக்குற."

பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "ஞானத்தாயா ஸெபரின் மொதல்ல சொன்னது உன்னைத்தான். உன் புருஷன் வந்து கேட்டானாமே. வேணாம்னுட்டியாம். மூஞ்சி தொங்கிப்போயி வந்து சொன்னான். அப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாங்க."

அதற்கு முந்தின புதன்கிழமை நார்மன் சமையலறை வாசலில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சனிக்கிழமை கரையில..." என்று ஆரம்பித்தார். அந்த வெயிலில் எனக்குத் தலைவலி வரும், உங்கள் சிநேகிதர்களோடு நீங்களே போய்க்கொள்ளுங்கள் என்று முடிக்க விடாமல் சொன்னேன். அவர் "சரி" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். தொல்லை விட்டது என்று நிற்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

படகின் பெயரை ஐவரீனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வில்ஹெல்மினா. ஸெபரினின் அம்மா பெயராம்.

அவள் போன பிறகு தட்டு முழுவதையும் சாப்பிட்டேன். சாப்பிட்டபடியே யோசித்தேன். எனக்கு ஐவரீன் மேல் பொறாமை இல்லை, அக்கா. இருந்திருந்தால் சுலபம், பெண்ணோடு பெண் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். எனக்குப் பொறாமை நார்மன் மேல். இலை போட்டது நான். உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அவர். இத்தனை வருடம் நான் கனவு கண்ட ஊரில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. நான் வாசலிலேயே நிற்கிறேன். கட்டின புருஷன் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிகிறவளை என்னவென்று சொல்வார்கள்? இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

மாலையில் தாரும் ரம்மும் மணக்க வந்தார். தலைமுடியில் தூவின அரிசி. "நீயும் வந்திருந்தா உனக்குப் பிடிச்சிருக்கும்" என்றார். ஞானத்தாய் விஷயத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து நாளாகிறது.

எனக்கு ஓர் உதவி செய். அத்தானுக்குக்கூடத் தெரிய வேண்டாம். உடனே ஒரு கடிதம் எழுது. உன் முழங்கால் மோசமாகிவிட்டது, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், இரண்டு மாதம் கூட இருக்க ஹில்டாவை அனுப்புங்கள் என்று. நார்மனைக் கூப்பிடாதே. என்னை மட்டும். உறையில் அவர் பெயரையே எழுது. தபாலை வாங்கிவருகிறவர் அவர்தான். நான் அப்போது எதிரில் இருப்பேன். படிக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

"போய்ட்டு வா" என்று சொன்னால், ஜூலையில் உன் வாசலில் பெட்டியோடு நிற்பேன். எத்தனை நாள் என்று அப்போது கேட்காதே. ஒருவேளை "போகாதே" என்று சொல்லிவிட்டால், அக்கா, முழங்கால் தானாகவே சரியாகிவிட்டது என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடு. டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்று எழுது.

கடவுள் உன் கால்களுக்கு நூறு வயது வரை ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். கடிதத்தைச் சீக்கிரம் அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
ஹில்டா