கந்தகம் பத்திரமாக இருக்கிறது

திருத்துறைப்பூண்டி,
ஆவணி 20

அன்புள்ள அம்சத்துக்கு,

வீரையன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மகள் கலைமகளும் பேரனும் திருப்பூரில் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மடித்தாலும், மீதி என்ன என்று பார்க்காமல் உனக்குச் சோறு இறங்காது.

“அந்தக் களர் மண்ணோடயே குடித்தனம் நடத்துங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். உன் தம்பி துரைக்கண்ணு வாரம் தவறாமல் வந்து, “மாமா, நெல்லு வராத வயல்ல எறால் வரும், என்கிட்ட குடுங்க” என்றான். நடவுக்குள் மண் திருந்தாவிட்டால் எடுத்துக்கொள் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

கந்தகம் போட்டால் காரம் இறங்கும் என்று நானே புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்தது உனக்குத் தெரியும். வைகாசியில் தூவி உழுதேன். ஆடியில் மண்ணைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால், கந்தகச் சத்தே இல்லை என்று சீட்டு வருகிறது. மண்ணை மாற்றிவிட்டீர்கள் என்று அங்கே வேலை பார்க்கும் மதிவதனியிடம் சண்டைக்குப் போனேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. கரைந்த சல்பேட்டைத்தான் பார்த்தோம், கரையாத கந்தகத்தைத் தனியாக அளக்க வேண்டும் என்றாள். அதே மண்ணை ஏதோ திரவத்தில் குலுக்கி, வடிகட்டி, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தாள். திரவம் ஆவியானதும் அடியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. “உங்க கந்தகம் பத்திரமா இருக்குங்க ஐயா. அதைத் தின்னு சல்பேட்டா மாத்த வேண்டிய கிருமிதான் மூச்சு முட்டிக் கிடக்கு. வயல்ல தண்ணி கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

கட்டாமல்? வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வயலைச் சும்மா போடுகிறவன் இந்தப் பக்கத்தில் உண்டா? அது தப்பு என்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கிருமியின் பலவீனம். இருந்தாலும் அந்தப் பெண் சொல்கிறதே என்று தண்ணீரை வடித்துவிட்டு, ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டு, கிளறிவிட்டேன். பக்கத்து வயல் வைரக்கண்ணு, “அண்ணே, வந்த தண்ணிய வடிக்கிறீங்க, வராதப்ப அழுது பாய்ச்சுவீங்களோ?” என்று கேட்டான். ஊரே சிரித்தது.

நேற்று மறுபடியும் அளந்தார்கள். கிண்ணத்தில் மஞ்சள் பாதிகூட இல்லை. சல்பேட் ஏறியிருக்கிறது. ஒன்பதுக்கு மேல் நின்ற பி.எச். எட்டரைக்கு வந்துவிட்டது. இன்னும் இறங்கும், தைரியமாக நடலாம் என்றாள் மதிவதனி. சீட்டை உன் தம்பியிடம் காட்டினேன். எறாலை விட்டுவிட்டுக் காப்பி கேட்டான். நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “அக்கா எப்ப வருது?” என்றான்.

நாற்று ஒரு சாண் தாண்டிவிட்டது. ஈசானிய மூலையில் வீட்டுப் பெண் முதல் நாற்றை ஊன்றாமல் நம் வயலில் யாரும் இறங்குவதில்லை. வைரக்கண்ணு தன் வீட்டம்மாவை அனுப்புகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். உன்னை நான் வா என்று சொல்லவில்லை. நாற்று முற்றிப்போனால் அதற்கு நான் பொறுப்பில்லை, அவ்வளவுதான்.

பேரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே. குளிர்காற்று உனக்கு ஆகாது.

இப்படிக்கு,
வீரையன்