உன் சித்தப்பன் வயலில் இந்த வருஷம் புகை இல்லை

என் வயிற்றில் முதலில் குடியிருந்த செல்விக்கு,

உன் மகள் பவித்ரா பிள்ளை பெற்றுவிட்டாள். பெண் குழந்தை. அது அழுத அழுகை வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது. மற்றதை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைக் கேட்டுக்கொள்.

திண்டிவனத்தில் அவளுக்கு ரோட்டோர வீடு. விடிந்தால் லாரிப் புகை. வளைகாப்பு முடிந்த கையோடு, நம் ஊர்க் காற்று நல்ல காற்று என்று அழைத்து வந்துவிட்டேன். வந்தது கரும்பு வெட்டும் மாதம். வெட்டிய வயலில் காய்ந்து கிடக்கும் சோகை இலையைக் கொளுத்தினால்தான் கரும்பின் அடிக்கட்டை நன்றாகத் துளிர்க்கும் என்பார்களே. தினம் ஒரு பக்கம் நெருப்பு. கொடியில் காயும் துணியெல்லாம் கரி. நான் அதைப் புகையாகவே நினைக்கவில்லை.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மாதத்துக்கு ஏற்ற எடை குழந்தைக்கு இல்லை என்றார். "சோகை கொளுத்துற பக்கம், வெறகு அடுப்புப் பக்கம் இந்தப் பொண்ண வுடாதீங்க பாட்டி. அம்மா இழுக்கிற புகை குழந்தையையும் பாதிக்கும். எடை கொறையலாம், முன்னாடியே பொறந்துடலாம்."

நீ பிறந்தபோதும் எலிக்குஞ்சு மாதிரிதான் இருந்தாய். நான் சரியாகத் தின்னவில்லை என்று உன் அப்பாவைப் பெற்றவள் ஊரெல்லாம் சொன்னாள். நிறைமாதத்தில் என்னை விறகடுப்பில் நெல் அவிக்க வைத்தவளும் அவள்தான். அந்தப் புகைதானா செல்வி? இனி யாரைக் கேட்பேன்?

வீட்டுக்கு வந்தால், பின்பக்கத்து வயலில் உன் சித்தப்பன் ஏழுமலை தீப்பெட்டியோடு நிற்கிறான். உன் சாவுக்கு வராதவன். அன்றைக்குத்தான் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்தது என்றானே, அவன்தான். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை. காற்றோ நம் வீட்டுப் பக்கம் அடிக்கிறது. போனேன்.

"இன்னா அண்ணி, வழி தவறி வந்துட்டியா?"

"தெரிஞ்சிதான் வந்தேன். நெருப்பு வெக்காத."

"வெக்காம? தொவையலா அரைக்கிறது?"

"அரைச்சித் துன்னு. உள்ள புள்ளத்தாச்சிப் பொண்ணு படுத்துக்கினு இருக்குது. கொழந்த வளரலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இந்தப் புகை ஆவாதாம்."

அவன் முகம் சுருங்கிப்போனது. "செல்வி பொண்ணுக்கா? சொல்றதுக்கு உனக்கு வாய் வரலியா?"

"கேக்கறதுக்கு உனக்கு வந்துச்சா?"

தீப்பெட்டியை மடியில் சொருகிக்கொண்டான். சோகையை வரிசைக்கு நடுவே பரப்பிவிட்டான். பக்கத்து வயல்காரர்களையும் அவனே போய்த் தடுத்தான். கட்டை துளிர்க்காவிட்டால் அண்ணிதான் பொறுப்பு என்று முனகிக்கொண்டே செய்தான். நான் வெந்நீர் போடும் விறகடுப்பை அணைத்தேன்.

அடுத்த ஸ்கேனில் குழந்தை தேறியிருந்தது. மாத்திரை, சாப்பாடு, ஓய்வு, புகையில்லாத காற்று, எல்லாம் சேர்ந்துதான் என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் எனக்குச் சோறு இறங்கியது. பிறந்தபோது ரெண்டே முக்கால் கிலோ!

ஏழுமலை பார்க்க வந்தான். உன் சாவுக்கு வராததை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனாலும் குழந்தையை அவன் கையில்தான் முதலில் கொடுத்தேன். அவன் உன் பெயரைச் சொல்லி அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி நம் தெருவில் எந்தப் பெண் உண்டாகியிருந்தாலும், எவன் வயலாக இருந்தாலும், பேச்சு இருக்கிறதோ இல்லையோ, வரப்பில் இறங்கிக் கேட்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னையும் பெற்று, உன் மகளையும் வளர்த்த
உன் அம்மா