குன்னூர்க் கள்ளி

1942 ஜூன் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் நோரா அண்ணி கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். லியோனார்ட் அண்ணன் பட்டாளத்துக்குப் போகுமுன் குன்னூரிலிருந்து கொண்டுவந்த கள்ளி அது. ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து அண்ணனைப் பற்றிச் சேதி கிடையாது. இது பூத்தால் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று அம்மா மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள். இருதய ஆண்டவர் படத்தடியில், விடியவிடிய எரியும் விளக்கின் பக்கத்தில்தான் தொட்டி.

அண்ணி கணுப் பார்த்து வெட்டினாள், பாதிச் செடி போயிற்று.

"வெட்டுனாத்தான் அத்தை துளிர்க்கும். துளிர்லதான் மொட்டு வரும்."

"செத்துப்போச்சுன்னா?"

"போனா செடிதான் அத்தை போகும். அவரு இல்ல."

நாற்பது பெண்களை வகுப்பில் அடக்குகிறவள் நான். அம்மாவிடம் இப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூன் 8

அம்மா அண்ணியோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

ஜூலை 19

வெட்டிய நுனியெல்லாம் துளிர்! கெட்டிக்காரி. அம்மா பார்த்தும் பாராததுபோல் போனாள்.

சிங்கப்பூர் விழுந்த பிப்ரவரியிலிருந்து அம்மா பூக்காரியிடம் எனக்கு மட்டும்தான் ஒரு முழம் வாங்குகிறாள். அண்ணி கேட்பதுமில்லை. பிள்ளை வருவான் என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டே மருமகள் தலையை மூளியாக விட்டால் என்ன அர்த்தம்? கேட்கத்தான் நினைக்கிறேன் — எங்கே!

செப்டம்பர் 16

விமானத் தாக்குதலுக்குப் பயந்து சாந்தோமே இருட்டில் கிடக்கிறது. இருட்டடிப்பைக் கண்காணிக்கும் வார்டன் நாகராஜ் கதவைத் தட்டினார்.

"இன்னாம்மா, ஜன்னலாண்ட வெளக்கு எரிஞ்சிக்கினு கீது? கடல்லேந்து தெரியும். அணைச்சுடுங்க."

ஆண்டவருக்கும் விலக்கில்லை. அம்மா அழுதுகொண்டே அணைத்தாள். இந்தக் கள்ளி மொட்டு வைக்க ராத்திரியில் நல்ல இருட்டு வேண்டுமாம். அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டிருந்தாளாம் அண்ணி. கத்தரியை எடுத்தவளுக்கும் விளக்கைத் தொடப் பயம்!

நவம்பர் 22

நுனியில் சிவப்பாக ஒரு மொட்டு. ஒன்றே ஒன்று.

டிசம்பர் 9

அண்ணனைப் பற்றி இன்றும் ஒன்றுமில்லை. மொட்டு பெருத்திருக்கிறது.

டிசம்பர் 25

பூத்துவிட்டது. அடுக்கடுக்காக, ரோஜா நிறத்தில் — என்ன அழகு!

அம்மா வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு கிள்ளினாள். ஆண்டவர் படத்துக்குத்தான் வைப்பாள் என்று நினைத்தேன். நேரே அடுப்படிக்குப் போய், முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த அண்ணியின் கொண்டையில் செருகினாள்.

"பூ இல்லாம உன்னைப் பாத்தா, அவன் வந்து என்னைத்தான் கேப்பான்."

அண்ணி கரண்டியோடு அப்படியே நின்றாள். முறுக்கு கருகியது. நான்தான் போய் எடுத்தேன்.