தாய்மாமன், மில் சூப்பர்வைசர்

சென்னை
12.8.1998

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி மலைச்சாமி வணங்கி எழுதுவது. நீயும் மச்சானும் பிள்ளை தமிழ்வாணியும் சுகந்தானே? வாட்ச்மேன் வேலையில் நான் யானை பலத்தோடு இருக்கிறேன். என்னைக் கடித்துக் கடித்து மெட்ராஸ் கொசுக்களுக்குத்தான் பல் விழுந்துவிட்டது.

ஆனால் என் கோபத்துக்கு வைகையே கொதிக்கும். லேபர் கோர்ட் என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொன்னதல்லவா? மில்காரன் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டுவிட்டான். நான் தொழிலாளியே இல்லை, அதிகாரியாம். லேபர் கோர்ட் தொழிலாளிக்கு மட்டும்தானாம், அதனால் அந்தத் தீர்ப்பு செல்லாதாம். சாட்சி என்ன தெரியுமா? தமிழ்வாணியின் காதுகுத்துப் பத்திரிகை! ‘தாய்மாமன் மலைச்சாமி, மில் சூப்பர்வைசர்.’

மேனேஜருக்கு நானே கொடுத்த பத்திரிகை. கிடா விருந்தை மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறான், படுபாவி! பத்தொன்பது வருஷம் பஞ்சுப் பொதி தூக்கியவன் அதிகாரியா?

“என்னய்யா இது?” என்றார் என் வக்கீல்.

“எல்லா மாமனுக்கும் ஒரு பட்டம் போட்டாங்க சார். நான் மட்டும் மொட்டையாவா நிக்கிறது?”

அவர் சிரிக்கவில்லை. பத்திரிகை அடித்தவர்களும் எழுதித்தர வேண்டுமாம். ‘தம்பி வீம்புக்குப் போட்டான், அவன் சுமை தூக்குறவன்தான்’ என்று நீயும் மச்சானும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மச்சான் வீட்டார் காதில் விழ வேண்டாம்.

கூடவே கொஞ்சம் எள்ளுப்பொடி அனுப்பு. இங்கே பேச்சுத்துணைக்கு ஆளில்லை, நாலு வரி கூடுதலாக எழுது. தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், முடிக்கிறேன்.

கையெழுத்துப் போடும்போது மட்டும், தம்பியாயிற்றே என்று என்னை ஒரு படி உயர்த்திவிடாதே அக்கா.

உன் தம்பி
மலைச்சாமி