சம்பந்தி பங்க்கின் பெட்ரோல்

ஐப்பசி 9
விடிந்ததிலிருந்து தூறல். விழுப்புரத்தில் முதல் டிரிப்பே தாமதம். பஸ்ஸைக் கிளப்ப ஹாண்டில் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். எப்படியோ கிளம்பி, விக்கிரவாண்டி தாண்டியதும் நின்றுவிட்டது சனியன். கார்புரேட்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர். துடைத்து, ஊதி, மாட்டினேன்.

மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்தவர் ஒருவர்: "யோவ் டிரைவரே, நீ ஓட்டிக்கினு போறியா, நாங்க தள்ளிக்கினு போறதா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்.

வாங்க வேண்டியது: பிளக் இரண்டு. வீட்டுக்காரி தனத்துக்கு இருமல் மருந்து. மகள் பச்சையம்மாவுக்குக் கண்ணாடி வளையல், நிறைய. அவளுக்கு வளைகாப்பு நெருங்கிவிட்டது. முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். தனம் இப்போதே அறையை ஒழித்து வைத்துவிட்டாள்.

ஐப்பசி 10
மழை இல்லை. புழுக்கம்.

திண்டிவனத்தில் பெட்ரோல் போடுவது சம்பந்தி பங்க்கில். பச்சையம்மா கல்யாணமான புதிதில் நான்தான் பஸ் முதலாளியிடம் சொல்லி அங்கே கணக்கு வைக்கச் செய்தேன். யுத்தம் வந்து சர்க்கார் பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட பிறகும் எங்கள் கூப்பன் அத்தனையும் அங்கேதான்.

இன்று புனலில் தோல் வைத்து வடித்து ஊற்றினேன். தண்ணீர் தோலில் நின்றுவிட்டது. அப்படியும் வண்டி இருமல், கறுப்புப் புகை. கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தேன். நல்ல பெட்ரோலாயிருந்தால் பறந்திருக்கும். கை பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மண்ணெண்ணெய்! அதை எந்தத் தோலும் பிடிக்காது.

சம்பந்தியிடம் கேட்டேன், சிரித்த முகமாகத்தான். "மழத்தண்ணி தொட்டில எறங்கிடுச்சி சம்பந்தி. மத்தபடி சுத்தமான சரக்கு. வாங்க, வூட்ல காப்பி சாப்டுட்டுப் போங்க."

போய்ச் சாப்பிட்டேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறென்ன செய்வது. டம்ளரை நீட்டும்போது பச்சையம்மா காதோடு சொன்னாள். "அப்பா, இங்க போடாதீங்க. டின்னு டின்னா மண்ணெண்ண ஊத்துறாங்க. கண்ணால பாத்தேன். நா சொன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதான்."

சம்பந்தியின் மூத்த மருமகள் ஒலக்கூர்க்காரி. ஏதோ எதிர்த்துப் பேசினாள் என்று தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். போனவள் போனவள்தான், இன்னும் கூப்பிடவில்லை.

தனத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி 13
அடைமழை. முண்டியம்பாக்கம் பக்கத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. இனி சுற்றிப் பயனில்லை. ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறை. திட்டட்டும், நியாயம்தானே.

முதலாளி நேரில் வந்துவிட்டார். டாங்கியைத் திறந்து முகர்ந்தார்.

"ஒன் சம்பந்தியக் கேட்டாச்சி. சுத்தமாத்தான் குடுத்தேன்றாரு. அப்போ பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தனது யாரு? நீயா, கண்டக்டரா? பங்க்குலதான் கலப்படம்னா அதையும் சொல்லு. போலீஸோட போயி எறங்கறேன்."

மழையில் நனைந்து நின்றேன். பங்க் என்று சொன்னால் போலீஸ் வரும். எவள் வாய் விட்டாள் என்று அவர்களுக்குத் தெரியாதா? கண்டக்டர் மாணிக்கம் என்று சொல்ல நாக்கு வராது. ஒரு நாள் டைம் கேட்டேன்.

கடவுளே, இது என்ன பேஜாரு.

ஐப்பசி 14
சொல்லிவிட்டேன். நான்தான் விற்றேன், நான்தான் ஊற்றினேன் என்று.

முதலாளி, "ஒன்ன நம்பித்தானடா வண்டியவே வாங்கனேன்." சாவியை வாங்கிக்கொண்டார். பழகின பழக்கத்துக்காகப் போலீஸ் வேண்டாம் என்றுவிட்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மாணிக்கம் வாசல்வரை ஓடிவந்தான். "இன்னாண்ணா இது, ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கினியே."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். தனம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு சிரிக்குமேயா!" சிரிக்கட்டும். பெண் வாழவேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசி 17
வெயில். வீட்டிலேயே கிடக்கிறேன். காலையில் பஸ் ஹாரன் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், பைத்தியக்காரன். டீக்கடையில் நான் போனால் பேச்சு நிற்கிறது. இனி எவன் என்னை நம்பி வண்டி கொடுப்பான்?

ஐப்பசி 20
வளைகாப்பு. பஸ் ஏற முகமில்லை. ரயிலில் போனோம். வரிசைத் தட்டு, ஏழு வகைச் சாதம், வளையல். பச்சையம்மா அழகாயிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

சாப்பாடு முடிந்தது. பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பலாமா என்று தனம் கேட்டாள். சம்பந்தி வெற்றிலையை மென்றுகொண்டே, அத்தனை பேர் நடுவில் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. திருட்டுப் பேரு வாங்கன வூட்டுக்கு எங்க மருமவள அனுப்பனா நாலு பேரு எங்கள இன்னா பேசுவாங்க? பிரசவம் இங்கியே ஆவட்டும். நீங்களும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேணாம்."

அந்த முகத்தையே பார்த்தேன். நான் யாருக்காகத் திருடனானேன் என்று அவருக்குத் தெரியும். கண் சிமிட்டக்கூட இல்லை. அடப்பாவி!

தனம் என்னைப் பார்த்தாள், சொல்லேன்யா என்கிற பார்வை. தொண்டைவரை வந்துவிட்டது. சம்பந்திக்குப் பின்னால் பச்சையம்மா. மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. கண்ணில் தண்ணீர்.

காலி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம்.

வழியில் பங்க். எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது. புது டிரைவர் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான்.