போய்ச் சேர்ந்த சேதி

அன்பு மகன் கிளாட்வினுக்கு,

முதலியார்பேட்டையிலிருந்து அப்பா சகாயநாதன். நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜோவிதா எழுதுகிறாள். வேளைக்குச் சாப்பிடுகிறேன். தண்ணீர் மோட்டார் ரிப்பேர். அம்மாவை அடக்கம் செய்து பன்னிரண்டு நாள். கல்லறை மண் இறங்கிவிட்டது, இரண்டு கூடை போடச் சொன்னேன்.

பிரான்சில் லியோனுக்குக் கிளம்பும்போது உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். "கம்ப்யூட்டருங்க ரெண்டு விதமா பேசிக்கும்பா. ஒண்ணு, எதிராளி வாங்கிக்கிற வரைக்கும் காத்துட்டு நிக்கும். இன்னொண்ணு, போட்டுட்டுப் போயிடும், அவன் எப்ப வேணா எடுத்துக்குவான். தனித்தனியா ரெண்டும் சரி. சேர்த்தா எங்க தப்பும்னு கணக்குல நிரூபிக்கிறதுதான் என் வேலை" என்றாய். நம் வீட்டுக்கும் அப்படியே ஏற்பாடு செய்தாய். அவசரமென்றால் போன், நீ எடுக்கும் வரை விடக்கூடாது. மற்றதுக்கு வாய்ஸ் மெசேஜ், ஞாயிற்றுக்கிழமை கேட்பாய்.

அந்த வியாழக்கிழமை கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு முறை அடித்தேன். உன் போன் அணைந்திருந்தது. டாக்டர் உள்ளே கூப்பிட்டார். "அம்மாவுக்கு முடியல, உடனே வாப்பா" என்று மெசேஜ் போட்டுவிட்டுப் போனேன். கேட்டிருப்பாய், விமானத்தில் இருப்பாய் என்று பிறகு அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் "வந்துட்டிருக்கான்" என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை பெட்டியை மூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு, "என் தப்புப்பா" என்றாய். அதற்குப் பிறகு நான் அடித்தால் நீ போனை எடுக்கவில்லை.

இதை உன்னிடம் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த மில்லில் இரைச்சல், பேச்சு கேட்காது. எதிர்ப்பக்கத்து ஆள் கை தூக்கிய பிறகுதான் விசை போட வேண்டும். மிஷினுக்குள் ஆள் இறங்கினால் சிவப்புத் துணி கட்டியிருப்பான். எழுபத்தொன்பது, ஆடி மாதம், இரண்டாம் ஷிப்ட். எதிர்ப்பக்கத்து ஆள் கை தூக்கினான், நான் விசை போட்டேன். துணி என் முதுகுப் பக்கம் தொங்கியது. உள்ளே என்னோடு வேலை பார்த்த கண்ணையன். இரண்டு விரல் போயிற்று.

நாலு மாதம் நான் அவன் தெருப் பக்கம் போகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவனே வந்தான். "என்னாடா சகாயம், விரல் போனது எனக்கு, ஒளிஞ்சிக்கிறது நீயா? சோத்தப் போடு" என்றான். உன் அம்மா பரிமாறினாள். மிச்ச விரல்களால் பிசைந்து சாப்பிட்டான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தோடு அவி த ரெசெப்சியோன், அதான் தபாலாபீஸ் ஒப்புகை அட்டை, இருக்கிறது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடு. அது திரும்பி என் கைக்கு வரும் வரை நான் காத்துக்கொண்டு நிற்பேன்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். சாப்பிடுப்பா.

அப்பா
(கைநாட்டு)