எருமைப் பலகையின் மூன்றாவது வரி

கறுப்புப் பெயின்ட் டின்னைத் திறந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வருடம் பள்ளிக்கூடத்தில் நம் இல்லத்து எருமைப் பொம்மைக்குப் பூசி நீ மிச்சம் வைத்த டின். மூடியில் உன் விரல் பதிந்து காய்ந்திருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன் விளையாட்டுப் போட்டிக்கு மற்ற இல்லங்கள் குதிரை, கழுகு என்று சின்னம் வைத்தபோது நீதான் எருமை என்றாய். ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு. "பிள்ளையளை எருமை மாடெண்டு பேசுறது காணாதோ?" என்றார் அதிபர். "புதுக்குடியிருப்பில ஆர் சேர் குதிரை வளர்க்கினம்?" என்று திருப்பிக் கேட்டாய். உரப்பைக்குள் வைக்கோல் அடைத்து உருவம் செய்தோம். எருமையிடம் படிக்க வேண்டியவை என்று பலகையில் எழுதினாய்: வெருளாது. கூட்டத்தை விடாது. பாரத்துக்குச் சளைக்காது.

அந்த மூன்றாவது வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வருடம் உன் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் கிடந்ததைப் பார்த்தேன். "கிளினிக்குக்குப் போயிட்டு வாவனடி" என்றேன். "போட்டி முடியட்டும். நான் போனா இந்தப் பிள்ளையளை ஆர் மேய்க்கிறது?" என்று சிரித்தாய். விசரி! நானாவது உன் கையைப் பிடித்து இழுத்துப் போனேனா? பரிசு வாங்கிய அன்று ஒலிபெருக்கியில், "எங்கட இல்லத்து உண்மையான எருமை இவாதான்" என்று உன்னைப் புகழ்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

அடுத்த மாதம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, போய்விட்டாய். செத்த வீட்டில், "கடைசி வரைக்கும் வாயே திறக்கேல்லை, என்ன பொறுமை!" என்றார்கள். அவர்களை அடிக்க வேண்டும் போலிருந்தது. உன்னையும்தான்.

நேற்று எருமையை வெளியே இழுத்து வந்தோம். வீட்டில் எருமை வளர்க்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பலகையை வாசித்து முகம் சுழித்தாள்.

"இது பிழை ரீச்சர். வெயில் ஏறினா எங்கட எருமையள் கயித்தை அறுத்துக்கொண்டு குளத்துக்குப் போயிடும். அப்பா எவ்வளவு கத்தினாலும் தண்ணியை விட்டு எழும்பாதுகள். ஏலாட்டி ஏலாதுதானே?"

ஐந்து வருடம் எருமை எருமை என்று கத்தினோமே, ஒரு நாளாவது போய் ஒரு எருமையைப் பார்த்தோமா? நமக்குப் பிடித்த குணத்தை அதன் தலையில் கட்டினோம். பிறகு உன் தலையில் கட்டினோம்.

உன் கறுப்பாலேயே அந்த வரியை அழித்தேன். அதன்மேல் வெள்ளையில் எழுதினேன்: ஏலாவிட்டால் தண்ணீருக்குப் போகும்.

மூன்று கிழமையாக எனக்கும் நெஞ்சு குத்துகிறது. ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று காலை லீவுக் கடிதம் கொடுத்தேன்.

"போட்டி நேரத்தில லீவோ ரீச்சர்?" என்றார் அதிபர்.

"ஓம் சேர். எனக்கு ஏலாது."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கிளினிக் வாங்கில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ வாய் திறந்திருந்தால் போன வருடமே லீவு போட்டு உன்னோடு இந்த வாங்கில் இருந்திருப்பேனே, பாவி.